ஈயப் பெட்டிக்குள் பொட்டாசியம்

ஒரகடத்தில் எனக்குச் சோதனைக்கூட வேலை. ஏற்றுமதிக்குப் போகும் இரும்பில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காயலான் கடை இரும்பை உருக்கும்போது பழைய மருத்துவக் கருவி எதிலிருந்தாவது கோபால்ட் கலந்திருந்தால், சரக்கு கப்பல் ஏறாது. தென்காசியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது இரும்பை முறைத்துப் பார்க்கவா என்று அம்மா கேட்பாள்.

முறைப்பது நானில்லை, ஒரு படிகம். சுவரிலும் மண்ணிலும் இருந்து வரும் கதிர் குழப்பாமலிருக்க, அதைத் தடித்த ஈயப் பெட்டிக்குள் வைத்திருப்போம். காமா கதிர் பட்டால் படிகத்துக்குள் பொட்டென்று ஒளி மின்னும். அந்த ஒளியின் பலத்தைப் பார்த்துக் கருவி தரம் பிரித்துத் திரையில் மேடு மேடாகக் குவிக்கும். எந்தத் தனிமத்தின் மேடு எங்கே எழும் என்பது எங்களுக்கு மனப்பாடம். கோபால்டுக்கு அடுத்தடுத்து இரண்டு மேடுகள்.

அன்று காலை வெறும் பெட்டியை அளந்து பார்த்தேன். சுத்தம். பிறகு வேறொரு சோதனைக்கூடத்திலிருந்து நாலைந்து பேர் வந்து, "மெஷின் சூப்பர்" என்று வாய் பிளந்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டுக்குப் பின் வடக்குப்பட்டு பட்டறைக்காரரின் இரும்பு வார்ப்பைப் பெட்டிக்குள் வைத்தேன். அது அவருடைய முதல் ஏற்றுமதி. சாயங்காலத்துக்குள் சரக்கு துறைமுகம் போகாவிட்டால் ஆர்டர் ரத்து. லாரி எங்கள் வாசலில் நின்றது.

திரையில் ஒரு மேடு எழுந்தது.

"இன்னாமா அது? நம்ம லோடு போவாதா?" அவர் முகம் வெளிறிவிட்டது.

"இது கோபால்ட் இல்லண்ணே, பொட்டாசியம். அதுலயும் லேசா கதிர் வரும். ஆனா இரும்புல இது எப்படி வரும்? அது தெரியாம நான் கையெழுத்துப் போட முடியாதே."

"ஒரு துளி கலப்படம் கெடையாதும்மா. இது நின்னுச்சுன்னா பட்டறைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்."

எனக்குப் பாவமாகிவிட்டது. வார்ப்பைக் கழுவித் துடைத்து வைத்தேன். மேடு அசையவில்லை. வார்ப்பை வெளியே எடுத்துவிட்டு வெறும் பெட்டியை அளந்தேன். மேடு அப்படியே நின்றது!

அப்படியென்றால் குற்றவாளி பெட்டிக்குள்தான். கையை விட்டுத் துழாவினேன். படிகத்துக்குப் பின்னால், கறுப்புக் கயிற்றில் கட்டிய கைப்பிடியளவு படிகாரக் கல்! கடை வாசலில் திருஷ்டிக்குத் தொங்குமே, அதேதான். படிகாரத்தில் பொட்டாசியம் உண்டென்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருகிறார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எந்த மகராசன் பார்த்த வேலை இது?"

பக்கத்து அறையிலிருந்து எங்கள் மேனேஜர் எட்டிப் பார்த்தார். ஆயுத பூஜைக்குக் கருவியில் நான் சந்தனம் வைத்தபோது, "படிச்ச பொண்ணு பண்ற வேலையா இது?" என்று கேட்டவர். இப்போது காது இரண்டும் சிவந்திருந்தன.

"இல்லம்மா... காலையில வந்தவனுங்க பார்வையே சரியில்ல. வெளிய மாட்டுனா நீங்கள்லாம் சிரிப்பீங்க."

ஊருக்குத்தான் உபதேசம்! வாய்வரை வந்ததை விழுங்கி, கல்லை அவர் கையில் கொடுத்துவிட்டு, வார்ப்பை மறுபடி உள்ளே வைத்தேன். பட்டறைக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண் சிமிட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அளவு முடிந்தது. மேட்டைக் காணோம்.

"கிளம்புங்கண்ணே, சுத்தமா இருக்கு."

மனிதர் அழுதுவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தொலஞ்சேன்னு நெனச்சேம்மா" என்று என்னைக் கும்பிட்டார். பிறகு மேனேஜர் பக்கம் கையை நீட்டினார்.

"சார், அந்தக் கல்லக் குடு. என் வண்டிக்கு வேணும்."

மேனேஜர் கொடுக்கவில்லை. தானே வெளியே போய் லாரியின் முன்பக்கம் கட்டி, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பட்டறைக்காரர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. பார்க்கவே அத்தனை அழகாக இருந்தது. என் கண்ணே பட்டுவிடக்கூடாது என்று சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டேன்.