மாஸ்டர் திருத்திய கடிதங்கள்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். எழுதினால் பிழை வரும். அந்தக் கூச்சத்தில் மளிகைச் சாமான் சீட்டைக்கூட மகளை விட்டே எழுத வைப்பேன். வீட்டுக்காரர் தவறிய நான்காம் வருடம் அவள் கல்யாணமாகி அமெரிக்கா போனாள். பீளமேட்டு வீட்டில் நான் ஒருத்தி ஆனேன்.

முதலில் விமானத் தபாலில் எழுதினாள். வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். ஆனால் தமிழில் இருக்கும். மடிப்பு கிழிகிற வரைக்கும் நானே படித்துக்கொள்வேன். தொண்ணூறுகளின் கடைசியில் இ-மெயில் என்று ஒன்று வந்தது. மகள் டைப் பழகிய இன்ஸ்டிடியூட் எங்கள் தெருமுனையில்தான் இருந்தது. அங்கே மாஸ்டர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார். அவர் விலாசத்துக்கே அனுப்புகிறேன், அவர் படித்துச் சொல்வார் என்று மகள் போனில் சொன்னாள்.

முதல் கடிதம் வந்தது. பேச்சு தமிழ்தான், எழுத்து இங்கிலீஷ். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. மாஸ்டர் தாளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, எங்கிட்ட டைப் பழகி லோயர் பரீட்சையில முதல் வகுப்புல பாஸான புள்ளைங்க இது! ஒரு கேப்பிடல் இல்ல, புள்ளி இல்ல. கோழி கெளறுன குப்பையாட்ட இருக்குதுங்க."

"பரவால்லீங்க, படிச்சுச் சொல்லுங்க."

திணறித் திணறிப் படித்தார். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கப் போய் அடிப்பிடித்து, புகை வந்தால் அடிக்கிற மணி அடித்து, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஓடி வந்தாராம். பனியில் சாதாச் செருப்போடு நடந்து வழுக்கி விழுந்தாளாம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் கால்வலி எப்படி இருக்கிறது என்று கேள்வி. அடுப்படியில் வந்து நின்று பேசுவது போலவே இருந்தது.

பதிலுக்கு நானும் சொன்னேன். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலி முருங்கை காற்றில் சாய்ந்தது, பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்கள் முகம் கொடுத்தே பேசாதது, எல்லாம். மாஸ்டர் விசைகளைப் பார்க்காமலேயே மளமளவென்று இங்கிலீஷில் அடித்தார். பிறகு அர்த்தம் சொன்னார்: 'அன்புள்ள மகளே, நான் நலம். நீயும் நலம் என நம்புகிறேன். இங்கு பலத்த காற்று வீசியது.'

"நாஞ் சொன்னதெல்லாமுங்க?"

"எல்லாம் இதுக்குள்ள அடங்கிருச்சுங்கம்மா. பரீட்சையில வெச்சாலும் அரை மார்க் கொறையாதுங்க."

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இப்படி நாலைந்து கடிதம் போனது. மகளின் பதில் வரவரச் சுருங்கியது. ஒரு நாள் அவளும் மாஸ்டர் பழக்கிவிட்ட இங்கிலீஷிலேயே எழுதிவிட்டாள். நலம், நலமறிய ஆவல், வேலை அதிகம், இப்படிக்கு.

மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, இப்பத்தான் ஒழுங்கா எழுதுது. ஒரு தப்பு இல்லீங்க!"

தப்பு இல்லைதான். அதில் என் மகளும் இல்லை. போனில் நாங்கள் இரண்டு பேரும் அழுகை வருவதற்குள் வைத்துவிடுகிறவர்கள். கடிதமும் இப்படி ஆகிவிட்டால் அவள் அங்கே எப்படி இருக்கிறாள் என்று எனக்கு யார் சொல்வது? பிழையில்லாமல் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு மரியாதைதான். ஆனால் அம்மாவுக்கு எழுதுவதில் மார்க் போட என்ன இருக்கிறது?

மறுநாள் பெண்கள் யாரும் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போனேன்.

"மாஸ்டர், இன்னைக்கு நாஞ் சொல்றத அப்பிடியே தமிழ்லயே அடிங்க. எம் புள்ள இங்கிலீஷ் எழுத்துல எழுதுச்சில்லீங்க, அதாட்ட."

"தப்புத் தப்பா வருமுங்கம்மா. இன்ஸ்டிடியூட் பேரு என்னாகறதுங்க?"

"அடியில எம்பேருதானுங்க இருக்கும்."

அவர் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல நிறுத்தி நிறுத்தி அடித்தார். கடிதத்தில் சாய்ந்த முருங்கையும் போனது, பேசாத பக்கத்து வீடும் போனது. 'அம்மணி, நீ நல்லாருக்கியா, நெசத்தச் சொல்லு' என்பதும் போனது.

இரண்டாம் நாள் பதில் வந்தது. பழையபடி கேப்பிடலும் புள்ளியும் இல்லாமல் ஒரு முழுத் தாள். மாஸ்டர் படித்துக்கொண்டே வந்தவர் நடுவில் வாசலைப் பார்த்தார். குரலை இறக்கிக்கொண்டு படித்தார். 'இவரு வேலைக்குக் காலையில போனா ராத்திரிதாம்மா வர்றாரு, நான் நாளெல்லாம் வாயே தொறக்கறதில்ல, டிவியில பேசறவங்களுக்குப் பதில் சொல்லிட்டு உக்காந்திருக்கறேன்.'

அதை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், தனியாக. ஒரு வெளி ஆளின் வாய் வழியாக வந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தாளையே பார்த்தேன். அன்றைக்கு நானும் வாய் திறந்தது அங்கே வந்த பிறகுதான்.

"பதில் அடிக்கட்டுங்களா?"

"நீங்க அந்தப் பக்கமே பாத்துட்டு அடிங்க மாஸ்டர்."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சுவரைப் பார்த்தபடி சொன்னேன்.

"எனக்கும் அப்பிடித்தான் கண்ணு."

அத்தனை பேருக்குப் பத்து விரலும் பழக்கிய மனிதர், அந்தத் தமிழ்ப் பேச்சுக்கு எந்த இங்கிலீஷ் எழுத்து வரும் என்று யோசித்து யோசித்து, ஒற்றை விரலால் தேடி அடித்தார்.