ரிம்மா பிடுங்காமல் விட்ட கிளைகள்

ஆற்றின் இரு கரையிலும் கிடக்கும் எங்கள் ஊர் ஸ்தாரயா லுஷ்மாவுக்குப் பாலம் கட்டித் தருவதாக மூன்று அரசாங்கங்கள் சொல்லிவிட்டன. ஜார் காலத்து வியாபாரிகள் தேவாலயத்தை இடக்கரையிலும் கிடங்குகளை வலக்கரையிலும் கட்டினார்கள். அன்றைக்குப் பிடித்த சனி. பின்னால் வந்தவர்கள் வீடுகளையும் கல்லறைத் தோட்டத்தையும் இந்தப் பக்கம் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியையும் சந்தையையும் அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். பாலத்தின் பேரில் ஆற்று நடுவே ஒரு கல்தூண் மட்டும் நிற்கிறது. அதில் காக்காய் உட்காரும். கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் நடை. ஏப்ரலில் பனி உடைந்து ஓடும் மூன்று வாரம் இரண்டும் கிடையாது. அந்த மூன்று வாரமும் எங்கள் ஊரில் யாரும் நோயில் விழக் கூடாது, பிள்ளை பெறக் கூடாது.

அந்தப் பனிப் பாதைக்கு ரிம்மா சவேல்யெவ்னா இருபத்தாறு வருஷமாகக் காவல். தினமும் காலையில் பனியில் துளை போட்டு, கொக்கிக் குச்சியை விட்டுக் கனம் அளப்பாள். கெட்டியான தடம் நெடுக ஊசியிலைக் கிளைகளை நட்டுவைப்பாள். மொத்தம் எழுபத்து நான்கு. பனி மெலிந்த அன்று பிடுங்கிவிடுவாள். கரையில் அறிவிப்புப் பலகையும் உண்டு, ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் படித்ததாகச் சரித்திரமே இல்லை. கிளை நின்றால் நடப்பார்கள். அவள் பாதையில் இதுவரை ஒரு ஆள்கூட முழுகியதில்லை.

அதற்காக யாரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை. நாலு வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டு அர்சேனியின் பெண்டாட்டி நோன்னா வயிற்று வலியில் துடித்தாள். ரிம்மா அன்று காலைதான் கிளைகளைப் பிடுங்கியிருந்தாள். அக்கரை ஆஸ்பத்திரிக்குத் தடம் காட்டச் சொல்லி அர்சேனி காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

"மூணு வாரந்தான, பொறுத்துக்க அர்சேனி. வலி அடங்கிடும்" என்றாள் ரிம்மா.

நோன்னா மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. அன்றிலிருந்து அர்சேனி ரிம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த மார்ச்சில் ரிம்மாவின் புருஷன் வெனியமினுக்குப் பக்கவாதம் வந்தது. அக்கரை ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஏப்ரல் எட்டாம் தேதி அவள் போனபோது, இன்னும் பத்து நாள் ஓடினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெனியமின் அவள் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு, ரிம்மா. இந்த வெள்ளச் செவத்தப் பாத்துக்கிட்டே சாக முடியாது என்னால."

"நாளைக்கு வண்டியோட வரேன். முதல்ல அந்த சூப்பக் குடி."

ஒன்பதாம் தேதி காலை ஆற்று நடுவில் அளந்தாள். பன்னிரண்டு சென்டிமீட்டர், அதுவும் தேன்கூடு மாதிரி பொத்தல். பிடுங்கியே ஆக வேண்டிய நாள். ஆனால் பிடுங்கிவிட்டால், பனிமேல் தேங்கிய நீரில், புருஷனை இழுத்துக்கொண்டு திரும்பும் தடம் அவளுக்கே தெரியாது. ஒரு மணி நேரம்தானே என்று நினைத்தாள். பலகையில் 'பாதை மூடப்பட்டது' என்று எழுதிவிட்டு, சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போனாள். பலகையில் எழுதினாளாம்! அவளுக்கு இந்த ஊரைத் தெரியாதா என்ன?

கரையோரத்து ஆஸ்பத்திரி வாசலில் வெனியமினைக் கம்பளியில் சுற்றி வண்டியில் உட்கார வைத்தாள். அவன் ஒரு பக்க வாயால் சிரித்தான்.

"குதிரை கொஞ்சம் கிழடாத்தான் இருக்கு."

"வாய மூடிட்டு உக்காருய்யா. குதிரை ஒதைக்கும்."

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். சந்தை நாள். எதிர்க்கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் பனிமேல் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் அர்சேனி, அவன் கையைப் பிடித்தபடி நிறைமாத மகள். கரைச் சரிவில் இன்னும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு நிமிஷம் இரு. வந்துடறேன்" என்று கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கல்தூண் அருகே அவர்களை மறித்தாள். "திரும்புங்க! ஒருத்தர விட்டு ஒருத்தர் தள்ளிப் போங்க!"

"கெள நிக்குதே!" என்றான் அர்சேனி.

"பலகையப் பாக்கலியா?"

"பலகைய எவன் பாத்தான்? உன்மேல எனக்கு நம்பிக்க கெடையாது. உன் கெளமேல உண்டு."

காலடியில் பனி முனகியது. அவள் திரும்பிப் பார்த்தாள். வெனியமின் வண்டியில் உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கம், இவர்களைத் திருப்பினாலும், கரையில் முதல் கிளை நிற்கும்வரை அடுத்தவன் இறங்குவான். அந்தக் கிளைவரை அவளே பிடுங்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு கிளையைப் பிடுங்கும் நேரம்தான் நின்றாள். பிறகு அவர்கள் பின்னாலேயே நடந்தாள், ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல்.

முப்பத்தேழாவது கிளையோடு கரை ஏறியபோது தூணருகே துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம். பனி பிளந்து ஆற்றின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு விழுந்து அகன்றது.

அர்சேனி பக்கத்தில் வந்து நின்றான். 'மூணு வாரந்தான, பொறுத்துக்க' என்று அவளிடமே திருப்பிச் சொல்ல நாலு வருஷமாகக் காத்திருந்தவன், அவள் கையிலிருந்த கிளைகளை வாங்கிக் கீழே வைத்தான்.

அக்கரையில் ஒரு நர்ஸ் வெளியே வந்து வெனியமினை உள்ளே கொண்டுபோகப் பார்த்தாள். அவன் நல்ல கையால் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விட மறுப்பது இங்கிருந்தே தெரிந்தது. ரெண்டு நிமிஷம் என்றுதானே அவனிடம் சொல்லியிருந்தாள்.