சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஓர் அரசி

வேலை நின்றுபோன சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் அடியில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நான் தன்னந்தனியாக நின்றேன். மேலே விளிம்பில் கேமராவுடன் இயக்குநர் எறும்பளவு தெரிந்தார். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பிரெஞ்சுத் துயர நாடகம் ஒன்றைப் படமாக்கிக்கொண்டிருந்தார். நான் பெரம்பலூரில் பள்ளி ஆசிரியை. ஆண்டுவிழாவில் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "டீச்சர், நீங்கதான் என் அரசி" என்று வந்து நின்றார்.

அந்த வகை நாடகங்களில் போரும் சாவும் மேடைக்கு வராது; யாராவது வந்து சொல்வார்கள், அவ்வளவுதான். இவர் அதையும் குறைத்தார். படத்தில் என்னைத் தவிர வேறு முகமே கிடையாது. மற்றவர்களெல்லாம் வெறும் குரல்கள். போருக்குப் போன கணவன் இனி வரமாட்டான் என்று தூதன் சொல்வான். அரசி நம்ப மறுத்து நீளமாகப் பேசவேண்டும். தூதனின் குரல் இயக்குநருடையது.

மூன்று முறை தூதன் சொன்னான்; மூன்று முறையும் எனக்கு வசனம் வரவில்லை. நான்காவது முறை ஒலிபெருக்கிக் குரல் பாறைகளில் மோதித் திரும்பியபோது, என்னையறியாமல் சொன்னேன்: "இவளுக்காவது ஒரு ஆளு வந்து சொல்றான். எனக்கு யாருமே வந்து சொல்லல சார்."

என் கணவர் துபாய் போய் ஆறு வருடம். கடைசி நான்கு வருடமாகப் பேச்சே இல்லை. வாரந்தோறும் பேசுகிறார் என்று என்னோடு இருக்கும் அம்மாவிடம் சொல்லிவந்தேன். "உன்னையும் விசாரிச்சாரும்மா" என்றுகூடச் சேர்த்துக்கொள்வேன்.

இயக்குநர் சரளையில் தடுமாறி இறங்கி வந்தார். தண்ணீர் பாட்டிலைத் தந்து, "பதிவாயிடுச்சும்மா. வேணாம்னா அழிச்சுடறேன்" என்றார். "இருக்கட்டும் சார்" என்றேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பேன்.

அரியலூரில் ஒரு சின்னக் கூடத்தில் திரையிட்டார். வந்தவர்களே கொஞ்சம், அதிலும் பாதிப்பேர் இடையில் எழுந்து போனார்கள். நான் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் வந்திருந்த அம்மா மட்டும் அசையவில்லை. அந்த இடம் வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதன்பின் அந்தப் படம் எங்கும் ஓடவில்லை. இயக்குநர் இப்போது மகளோடு பெங்களூரில் இருக்கிறார்.

அன்று திரும்பும் பஸ் பெரம்பலூரை நெருங்கியது. ஜன்னலைப் பார்த்தபடியே அம்மா சொன்னாள்: "எனக்குத் தெரியும்டி. கொல்லப்பக்கம் போய் ஃபோன காதுல வச்சுக்கிட்டு தனியா பேசிட்டு நிப்ப. ஒரு நாளும் மணி அடிச்சதில்ல."

"அப்பவே ஏம்மா கேக்கல?"

"கேட்டுட்டா, அப்புறம் நீ யாருகிட்டடி பேசுவ?"