முருகனோடு சண்டை போட ஓர் இடம்

இந்த ஊரில் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கிறார்கள். பேருந்தில் ஒருவர் தும்முகிறார், உடனே யார் முகத்தையும் பார்க்காமல் காற்றிடம் 'சாரி' என்கிறார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் கால்வேக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு எவர்சில்வர் தட்டு கை நழுவி விழுந்தால், நானும் என் கணவர் ராஜனும் திருட்டுப் பிள்ளைகள் போல விழித்துக்கொண்டு நிற்போம். மிக்ஸி போட நேரம் பார்ப்போம். தேங்காய் உடைக்க கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிப் போவோம். நான் தூத்துக்குடியில், துறைமுகத்துக்கு லாரிகள் ஓயாமல் போகிற சாலையோரம் பிறந்து வளர்ந்தவள். ஊர் அமைதியாக இருந்தால் யார் வீட்டில் என்னவோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

இப்படிப்பட்டவளுக்கு அமைதியையே மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் முதியோர் இல்லம் ஒன்றில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ரத்தப் போக்கு அதிகமாகி, துணி மடிக்கிற மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலைமைக்கு வந்திருந்தேன். ஆபரேஷனுக்குப் போன காலையில் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு மயக்க மருந்து டாக்டர் தலையை ஆட்டினார். இந்த பிரஷரோடு முடியாது, வீட்டுக்குப் போய் வாருங்கள் என்றார். பிரஷர் இறங்காமல் ஆபரேஷன் கிடையாது. ஆபரேஷன் இல்லாமல் ரத்தம் நிற்காது. ரத்தம் நிற்காத பயத்தில் பிரஷர் எப்படி இறங்கும் என்று கேட்க எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.

மாத்திரையைக் கூட்டினார்கள். அங்கிருந்த நர்ஸ் தங்கமான பெண். நீங்கள் பிரார்த்தனை செய்வீர்களா என்று கேட்டாள். செய்வேன் என்றதும் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிரார்த்தனை இதயத்துக்கு நல்லது, சும்மா உட்கார்ந்து கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்று சொல்லி, போனில் ஒரு ஆப்பையும் இறக்கிக் கொடுத்தாள். அதில் ஒரு ஆண் குரல் குழைந்து குழைந்து பேசும். பின்னால் கடல் அலை சத்தம். என்ன கடலோ, படகும் இல்லை, மீன் ஏலம் விடுகிற சத்தமும் இல்லை. கண்ணை மூடினால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ரத்தம்தான். உட்கார்ந்து எழுந்து அழுத்தம் பார்த்தால் முன்னைவிடக் கூடியிருக்கும். பிரார்த்தனை என்று இவர்கள் சொல்வதும் நான் செய்வதும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவது என்றால் நியாயம் கேட்பது. அப்பா கருப்பட்டி, மளிகை மொத்த வியாபாரம். ஒரு வருஷம் மழைத் தண்ணீர் கடைக்குள் இடுப்பளவு ஏறி, சிப்பம் சிப்பமாக அடுக்கியிருந்த கருப்பட்டி எல்லாம் கரைந்து தெருவில் ஓடியது. அடுத்த சில நாட்கள் அப்பா யாரோடும் பேசவில்லை, சோறும் சரியாக இறங்கவில்லை. நெஞ்சு அடைக்கிறது என்றார். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். சாலை சரியானதும் என்னைக் கூட்டிக்கொண்டு திருச்செந்தூருக்கு பஸ் ஏறினார். சன்னிதியில் எங்களைச் சுற்றி நூறு பேர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்பா கை கூப்பவே இல்லை.

“என் கருப்பட்டியெல்லாம் கரைச்சிட்டு, கடல் வாசல்ல நீ மட்டும் காலு நனையாம நிக்கியோ? உனக்கு என்ன கொற வச்சேன்?” என்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்.

ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு அம்மாள் தன் மருமகனைப் பற்றி முருகனிடம் அதே சுருதியில் முறையிட்டுக்கொண்டிருந்தாள். பூசை செய்கிற போத்தி, இதெல்லாம் தினம் கேட்பதுதானே என்கிற முகத்தோடு, பன்னீர் இலையில் மடித்த விபூதியை அப்பா கையில் வைத்தார். வெளியே வந்து அப்பா கடலில் முங்கினார், நாழிக்கிணற்றுத் தண்ணீரில் உப்புப் போகக் குளித்தார், இட்லிக் கடையில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். கரைந்த கருப்பட்டி திரும்பி வரவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கடையைக் கழுவி விட்டார். அதை நான் பார்த்தேன், அதனால் நம்புகிறேன்.

ஆகவே ஆப்பை மூடி வைத்துவிட்டு அப்பா வழிக்குப் போனேன். எங்கள் முருகன் இருப்பது சமையலறை அலமாரியில், காப்பித்தூள் டப்பாவுக்கும் துவரம்பருப்பு டப்பாவுக்கும் நடுவே. ராஜன் தொழிற்சாலைக்குக் கிளம்பியதும் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பிப்பேன். எதற்கு என்னைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தாய், வாங்குகிற சம்பளத்தையெல்லாம் ஊருக்கு அனுப்பியது உனக்குத் தெரியாதா, என் உடம்பைப் பார்க்க உனக்கு நேரமில்லையா? கத்துவேன், அழுவேன், மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் கத்துவேன். முடிந்ததும் பசிக்கும். சோறு இறங்கும். அழுத்தம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. மாத்திரையும் வேலை செய்திருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. இரண்டு கார்டாக்கள். இந்த நாட்டில் போலீசுக்கு அதுதான் பெயர். நெட்டையாக ஒருவர், கூடவே சின்ன வயதுப் பெண் ஒருத்தி. நான் பத்திரமாக இருக்கிறேனா என்று அந்தப் பெண் கேட்டாள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? யாருமில்லை என்றேன், முகம் வீங்கி, கண் சிவந்து. தினமும் நீங்கள் ஒரு ஆணிடம் கத்தி அழுவதாக அக்கம்பக்கத்தில் கவலைப்படுகிறார்கள் என்றாள்.

“யார் அந்த முருகா?”

கடவுள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சீருடையைப் பார்த்த பதற்றத்தில் வாயில் வந்தது வேறு. “அவர் எங்கும் போக மாட்டார். அலமாரிக்குள் இருக்கிறார்” என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டை மனிதர் என்னை விலக்கிவிட்டு உள்ளே போய் அலமாரிக் கதவைப் பிடித்து இழுத்தார். பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வேலும் மயிலுமாக முருகன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் படத்தை வெகு நேரம் பார்த்தாள். இவரோடா சண்டை என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பேச ஆள் வேண்டுமென்றால் கூப்பிட போன் நம்பர்கள் இருக்கின்றன என்று மெதுவாகச் சொன்னாள். அவள் போன பிறகுதான் பதில் தோன்றியது: பேச ஆள் இருக்கிறானே, இப்போது நீயே பார்த்தாயே!

ராஜனிடம் சொன்னபோது முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கவலையாகி, “இனிமே கொஞ்சம் மெதுவா ஏசு” என்றார். மெதுவாக எப்படி ஏசுவது? முணுமுணுத்துப் பார்த்தேன், புறணி பேசுவது போல இருந்தது. விட்டுவிட்டேன். மற்றவர்கள் வேண்டுகிற சத்தத்தைக் கேட்டாவது கும்பிடலாம் என்று ஊர் நடுவில் உள்ள தேவாலயத்துக்குப் போனேன். எங்களூரில் மாதா கோவில் திருவிழாவுக்கு நாங்களும் போவோம், 'தாயே' என்று பெண்கள் கதறுவது தெருமுனை வரை கேட்கும். இங்கே ஆளுக்கொரு பெஞ்சில் எட்ட எட்ட உட்கார்ந்திருந்தார்கள், பரீட்சை எழுதுகிற மாதிரி. நான் செருமியதற்கே ஒருவர் திரும்பினார். எழுந்து வந்துவிட்டேன். அழுத்தம் பழையபடி ஏறியது. இரண்டாம் முறையும் ஆபரேஷன் அறை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பினார்கள். வண்டியில் வரும்போது, நான் செத்துப்போவேன் என்று முதல்முறையாக நினைத்தேன். பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாதது அதைவிடப் பயமாக இருந்தது.

கார்டாவைக் கூப்பிட்டது மாடிக்காரி மார்கரெட். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, தனியாக இருப்பவள். ரொட்டி ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்தாள். கோபத்தில் நான் வாசலிலேயே நிற்க வைத்து, தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினேன். அது சண்டையில்லை, பிரார்த்தனை. நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். இப்போது என் ரத்தம் நிற்கவில்லை. மார்கரெட் நம்பவில்லை.

“அந்தக் குரலிலா பிரார்த்தனை?” என்றாள். உதடு அசையாமல் ஜெபமாலை உருட்டுகிறவள் அவள். ரொட்டியை என் கையில் திணித்தாள். பிறகு, கோட்டை எடுத்துக்கொண்டு வா என்றாள்.

தன் சிறிய காரில் என்னைக் கடலோரத்துக்குக் கூட்டிப்போனாள். அட்லாண்டிக் கடல், மழைக்காலம். காற்று காது மடலைப் பிய்த்தது. கடலுக்குள் நீண்டிருக்கிற கல் சுவரின் நுனியைக் காட்டி, அங்கே போ, யாருக்கும் கேட்காது என்று சொல்லிவிட்டு, காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பிளாஸ்க்கைத் திறந்தாள். நான் போய் நின்றேன். “ஏய் முருகா” என்றேன். காற்று அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. அத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம், சாகப் பயமாயிருக்கிறது என்பதையும் சேர்த்து, தூத்துக்குடி பாஷையில் அந்தக் கடலிடம் கொட்டினேன். நனைந்து திரும்பியபோது மார்கரெட் தேநீரை நீட்டி, அவர் பதில் சொன்னாரா என்று கேட்டாள். சொல்ல மாட்டான், கேட்பான் என்றேன். அப்படியானால் நீதான் ஜெயித்தாய் என்றாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, ஆனால் வாரந்தோறும் கூட்டிப்போனாள்.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். நான் கத்தினேன். அழுத்தம் இறங்கியது. மூன்றாம் முறை ஆபரேஷன் முடிந்தது, கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு யாரும் கத்தப் போய்விடாதீர்கள். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

உடம்பு தேறிய பிறகு ஊருக்குப் போனேன். கடலில் முங்கி, நாழிக்கிணற்றில் குளித்து, ஈரத் தலையோடு சன்னிதிக் கூட்டத்தில் நுழைந்தேன். முழங்கையால் இடித்தார்கள், காலை மிதித்தார்கள், எங்கும் ஒரே கூச்சல். இதற்குத்தானே ஏங்கினேன். உயிர் தந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும், இரண்டு முறை வாசலில் இருந்து திருப்பி அனுப்பியதற்கு ஏசவும் வேண்டும். திரை விலகியது. வாயைத் திறந்தேன். முணுமுணுப்புதான் வந்தது. இரண்டு பக்கமும் திரும்பி யாருக்காவது கேட்டுவிட்டதா என்று பார்த்தேன். என் முழுக் குரலும் அந்தக் குளிர்ந்த கல் சுவரின் நுனியில் கிடக்கிறது. அதைக் கேட்க வேண்டியவன் இங்கே நிற்கிறான்.

எனக்குப் பின்னால், மொட்டையடித்த பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் என் தோளைத் தட்டினாள்.

“ஏளா, சத்தமாச் சொல்லு. உள்ள நிக்கவனுக்குக் கேக்காண்டாமா?”

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்தது, 'சாரி.'