கோல்ஃப் அடித்தவனுக்குக் கொடி உண்டா

தம்பியின் பெட்டிக்குக் கழகக் கொடி போர்த்துவதா இல்லையா என்ற பேச்சு எங்கள் வீட்டுப் பந்தலுக்குள் நடந்தபோது, நான் உள்ளே அவனுடைய தலைமாட்டில் இருந்தேன். அழுகிற பெண்களின் சத்தத்தையும் தாண்டி அந்தப் பேச்சு எனக்குக் கேட்டது. கோல்ஃப் ஒரு விளையாட்டா இல்லையா என்று ஆம்பிளைகள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். செத்த வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாங்கள் நாவற்குடா. எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகம் உண்டு. எங்கள் கழகத்துக்காக விளையாடியவர் செத்துப்போனால் பொடியன்கள் எல்லாரும் கழகச் சட்டையோடு வருவார்கள். பெட்டியின் மேல் கொடியை விரித்து, ஒழுங்கையால் மைதானம் வரைக்கும் தூக்கிப் போய், அங்கே கொஞ்ச நேரம் இறக்கி வைத்துவிட்டுத்தான் மயானத்துக்குக் கொண்டுபோவார்கள். குழிக்குள் இறக்கு முன்னர் கொடியை மடித்துக் கழகம் திரும்ப எடுத்துக்கொள்ளும். மகன் கொடியோடு போனான் என்று சொல்லிச் சொல்லியே மனம் ஆறிய தாய்மாரை எனக்குத் தெரியும்.

அப்பா அந்தக் கழகத்தின் பழைய கோல் கீப்பர். கொடிக்குச் சட்டம் வைத்ததும் அவர்தான். பொடியன்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த கடைக்காரர் ஒருவர் காலமானபோது, அவருக்கும் கொடி வேண்டுமென்று வீட்டார் கேட்டிருக்கிறார்கள். அப்பா கூட்டத்தில் எழும்பி, கழகத்துக்காக மைதானத்தில் இறங்கி விளையாடினவனுக்குத்தான் கொடி, வேறு ஆருக்கும் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். நல்ல சட்டம்தான். அது தன்னுடைய வாசலுக்கே வந்து நிற்கும் என்று அந்த மனிசன் நினைத்திருக்க மாட்டார்.

தம்பிக்குப் பந்து வரவில்லை. பந்து ஒரு பக்கம் போனால் அவன் ஒரு பக்கம் போவான். கோட்டுக்கு வெளியே நின்று மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டியதோடு சரி. அப்பா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாச் முடிந்து வந்து சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அவர் விடுகிற பெருமூச்சு அடுத்த வளவுக்கும் கேட்கும். பிறகு அவன் கட்டாருக்குப் போனான். ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்லு வெட்டுகிற வேலை. லீவு நாளில் வேலையாட்களையும் அடிக்க விடுவார்களாம். அங்கேதான் அந்தப் பைத்தியம் பிடித்தது. வேலையாட்களுக்குள் வைத்த போட்டியில் முதலாவதாக வந்து ஒரு கப்பும் வாங்கினான்.

திரும்பி வரும்போது அந்தக் கப்பையும் ஒரு பை நிறையப் பழைய மட்டைகளையும் கொண்டுவந்தான். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் தோட்ட வேலை கிடைத்தது. கப்பை அப்பாவின் கப்புகள் இருக்கிற கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கப் போனான். அங்கே இடமில்லை என்றார் அப்பா. இடம் இருந்தது. தம்பி அதை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரமெல்லாம் இதே கதைதான். ஓட்டமில்லை, வேர்வையில்லை, இடிபாடில்லை, இதென்ன விளையாட்டு என்று அப்பா தொடங்குவார். அதில் றெஃபரியும் இல்லை, பிழை விட்டால் விட்டவனே சொல்லவேண்டும் என்று தம்பி ஒரு நாள் பெருமையாகச் சொல்லித் தொலைத்தான். அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. பிழை விட்டவனே சொல்லுவதென்றால் எங்கள் ஊரில் ஒரு மாச்சும் முடிந்திருக்காது என்றார். தம்பியும் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே சோற்றைச் சும்மா அளைந்தான். நான்தான் பார்த்தேன். வயது போன மனிசன், மகனை வென்று என்னத்தைக் காணப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு நான் எழும்பிப் போனேன்.

ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில், வாழைச்சேனைக்குக் கிட்ட, மண் ஏற்றி வந்த டிப்பர் ஒன்று அவனுடைய மோட்டார் சைக்கிளை அடித்துவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஏலாது.

கழகப் பொடியன்கள் வந்தார்கள். ஒழுங்கை நெடுக வெள்ளைக் கொடி கட்டினார்கள். சந்தியில் அவனுடைய படம் போட்ட பெனர் கட்டினார்கள். கதிரை இறக்கினார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். அம்மா இல்லாத வீடு, ஒரு குறையும் வரவில்லை. கழகக் கொடியை மட்டும் கொண்டுவரவில்லை. செயலாளர் தம்பியோடு ஒன்றாகப் படித்தவன். அழுது கண் வீங்கிப்போய் நின்றான். எங்கே கொடி என்று கேட்டேன்.

"அக்கா, அது மாமாட சட்டம். நான் என்ன செய்யிற?"

நான் வாய்க்காரி என்று ஊருக்கே தெரியும். கப்பை எடுத்துப் போய்ப் பந்தலுக்குள் இருந்த மேசையில் டொக்கென்று வைத்தேன். இதென்ன, பாட்டுப் போட்டியில் கொடுத்ததா என்று கேட்டேன். நான் உள்ளே போனதும் தொடங்கிவிட்டார்கள். இது விளையாட்டென்றால் சீட்டுக் கடதாசி அடிக்கிறதும் விளையாட்டுத்தானே என்றார் ஒருவர். ஒலிம்பிக்கிலேயே இருக்கிறது என்று ஒரு பொடியன் போனைத் தட்டிக் காட்டினான். ஒலிம்பிக்கில் குதிரையும்தான் ஓடுகிறது, அதற்கும் கொடி போர்த்துவோமா என்றார் இன்னொருவர். ஆரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெட்டிக்குள் கிடந்தவனுக்குக் கேட்டிருந்தால் அவனும் சிரித்திருப்பான். அந்த நினைப்பு வந்ததும்தான் எனக்கு அழுகை வெடித்தது.

அப்பா இவ்வளவு நேரமும் பந்தல் மூலையில் ஒரு கதிரையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். எடுக்கிற நேரம் வந்தபோது எழும்பிச் செயலாளருக்குக் கிட்டப் போனார்.

"எனக்கெண்டு ஒரு கொடி இரிக்குதானே. அத அவனுக்குப் போடுங்க. நான் போகக்குள்ள எனக்கு வேணா."

செயலாளர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அப்படியெல்லாம் பேச வேண்டாம், கோல்ஃபும் விளையாட்டுத்தான் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இப்போதே சட்டத்தை மாற்றிவிடுகிறோம் என்றான். மூத்தவர்களும் தலையாட்டினார்கள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லுங்கள் அப்பா, அவன் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறான், சொல்லுங்கள் என்று மனதுக்குள் கத்தினேன்.

"அது விளையாட்டில்ல மகன்," என்றார் அப்பா. "அவன் என்ட புள்ள."

அவருடைய கொடியை எடுத்துவந்து போர்த்தினார்கள். பெண்கள் நாங்கள் படலையடியோடு நின்றுவிட்டோம். அப்பா பெட்டிக்குப் பின்னால் நிமிர்ந்து நடந்து போனார். எப்பேர்ப்பட்ட மனிசன், தன்னுடைய கொடியையே மகனுக்குக் கொடுத்துவிட்டார் என்று பக்கத்தில் நின்றவர்கள் மெச்சினார்கள். எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. கொடியைக் கொடுக்கத் தெரிந்தவருக்கு அந்த ஒரு சொல்லைக் கொடுக்க மனம் வரவில்லையே. தம்பி உயிரோடு இருந்த நாளெல்லாம் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது கொடியை அல்ல.

முப்பத்தோராம் நாள் கடமை முடியும்வரை நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைப்பேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார். அவன் எங்கே போய் அடிக்கிறவன் என்று கேட்டார். வாவிக்கு அந்தப் பக்கம், சித்தப்பாவின் வட்டையில், அறுவடை முடிந்த வயலுக்குள் என்றேன். தன்னை அங்கே கூட்டிப்போகச் சொன்னார்.

ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனேன். அதற்குள் மழை தொடங்கி, வயலெல்லாம் விதைத்திருந்தார்கள். தண்ணீருக்கு மேலே பயிர் கொஞ்சமாய்த் தலை காட்டிக்கொண்டிருந்தது. எங்கே நின்று அடிப்பான் என்று கேட்டார். வரம்போரம் இருந்த மேட்டைக் காட்டினேன். எவ்வளவு தூரம் போகும் என்றார். தூரத்தில் வாய்க்கால் கரையில் நின்ற மருத மரத்தைக் காட்டினேன். அப்பா புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவ்வளவு தூரமும் நடந்து போய்த்தான் திரும்ப அடிக்க வேண்டுமா என்று கேட்டார். ஓம் என்றேன். வெயிலுக்குள்ளே, சட்டை தெப்பமாய் நனைந்துதான் வீட்டுக்கு வருவான், நீங்கள் காணவில்லையா என்று கேட்டேன்.

அப்பா அந்த மேட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு என்னைக் கூட்டி வந்து காட்டியிருக்கலாமே புள்ள. ஒரு சொல்லுக் கூப்பிடல்லையே அவன்."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் உள்ளதைத்தான் சொன்னேன்.

"கூப்பிட்டவன் அப்பா. ஞாயிறு ஞாயிறா உங்கட கதிரைக்குப் பக்கத்தில வந்து நிண்டு கூப்பிட்டவன்."

அப்பா ஈர வரம்பில் அப்படியே குந்திவிட்டார். மருத மரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"ஓம்," என்றார். "கூப்பிட்டவன்தான்."

வெயில் ஏறும்வரை அவரை அங்கிருந்து எழுப்ப என்னால் முடியவில்லை.