வெலிமடைக்காரியின் துவக்கு

என் வீட்டுக்காரர் இன்னொரு பெண்ணைக் கண்ணை மூடச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். பதுளை பஜாரில் எங்கள் கடையின் முன்பாதியில் என் தையல் மெஷின், பின்பாதியில் அவருடைய தச்சுப் பட்டறை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஒரு ஆணி விழுந்தாலும் எனக்குக் கேட்கும்.

"கண்ண மூடுங்க. துவக்கத் தூக்கித் தோள்ல வைங்க. கன்னத்தக் கட்டையில சாய்ங்க. இப்பத் தொறங்க. என்னா தெரியுது?"

"குழாயோட முதுகுதான் தெரியுது பாஸ், முனையில உள்ள குறியக் காணல" என்றது ஒரு பெண் குரல்.

பாஸ்! தச்சு வேலை செய்கிறவர்களைப் பாஸ் என்று கூப்பிடுவது இந்த நாட்டில் வழக்கம்தான், எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பஜாரில் எல்லோருக்கும் அவர் அண்ணன். இந்தம்மாவுக்கு மட்டும் அண்ணே என்று வாயில் வரவில்லை பாருங்கள். மெஷினை நிறுத்திவிட்டுத் தடுப்பின் ஓரமாக எட்டிப் பார்த்தேன்.

அந்தம்மா வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டம் வைத்திருப்பவர். எங்களைப் போலவே தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். மாமனார் காலத்திலேயே வெளியே காணி வாங்கிவிட்டார்களாம். கணவர் இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. காட்டுப்பன்றிகள் வந்து கிழங்கைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகின்றன. வீட்டிலிருந்த பழைய வேட்டைத் துப்பாக்கியின், எங்கள் பேச்சில் துவக்கின், லைசன்ஸை அலைந்து திரிந்து தன் பெயருக்கு மாற்றியிருந்தார். அது ஒரு வெள்ளைக்காரத் தொரை ஊருக்குக் கப்பலேறும்போது மாமனாருக்கு விற்றுவிட்டுப் போனது. இரும்பு இன்னும் நன்றாகத்தான் இருந்தது. தோளில் தாங்குகிற மரக்கட்டைதான் கை பிடிக்கும் இடத்தில் விண்டுபோய், கம்பி சுற்றி, அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டிக் கிடந்தது.

எங்கள் பக்கத்துக் கடைக்காரர் துவக்கு திருத்துவதற்கு லைசன்ஸ் உள்ளவர். இரும்பு வேலையை அவர் பார்ப்பார். மர வேலை என்றால் என் வீட்டுக்காரரிடம் தருவார். மாலையானதும் துவக்கு அந்தக் கடைக்காரருடைய இரும்புப் பெட்டிக்குத் திரும்பிவிட வேண்டும். அது எங்கள் கூரைக்குக் கீழே இராத்தங்காது என்பதுதான் அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே ஆறுதல்.

புருஷனை இழந்து நிற்கிற ஒருத்தியின் மேல் பொறாமைப்படலாமா என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். பாவமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. மனசுக்குள் நான் அவரை வெலிமடைக்காரி என்றே கூப்பிட்டேன்.

நானும் உடம்பளந்து பிழைப்பவள்தான். டேப்பை எடுத்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு ஜாக்கெட்டுக்கு அளவெடுத்து முடித்துவிடுவேன். ஆனால் துவக்குக் கட்டைக்கும் ஆளளவு உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் அந்தம்மாவை முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரை அளந்தார். அதோடு விட்டாரா? இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, அந்தம்மாவின் கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தார். கன்ன எலும்பைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை வருடக் குடித்தனத்தில் என் கழுத்தை அவர் அப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. புதுச் சேலை கட்டிக்கொண்டு போய் நின்றால் "நல்லாருக்கு" என்பார். எந்தச் சேலைக்கும் அதே நல்லாருக்குதான்.

அவர் யாரோடும் போய்விடுவார் என்ற பயமெல்லாம் எனக்கு வரவில்லை. கத்தரிக்காய் வாங்கப் போனால் கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வருகிற மனிதர். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: என்னை ஒரு தடவையாவது இப்படி நின்று பார்த்திருக்கிறாரா? அதை வாய்விட்டுக் கேட்கக் கௌரவம் இடம் தரவில்லை.

நடுவில் போன் வேறு. வாட்ஸ்அப்பில் அந்தம்மாவின் குரல் வரும். "பாஸ், கட்டை எப்புடி வருது? ஒரு போட்டோ அனுப்புறீங்களா?" மகளின் பிறந்தநாளுக்கே தலையை வெட்டிப் படமெடுத்த மனிதர், பாதி செதுக்கிய மகோகனிக் கட்டையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, கைபிடியைக் கிட்டத்தில் ஒன்று. அடியில் விரிக்க என் மேசையிலிருந்து கறுப்பு வெல்வெட் துணியையும் எடுத்துக்கொண்டு போனார், ஒரு வார்த்தை கேட்காமல். அது ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்கு வந்த துணி.

இரும்பு மரத்துக்குள் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அதற்காகக் குப்பி விளக்கின் புகையில் இரும்பைக் காட்டிக் கரி பிடிக்க வைப்பார். பிறகு அதை மரத்தில் வெட்டிய குழிக்குள் அழுத்தி எடுப்பார். எங்கே முட்டுகிறதோ அங்கே கறுப்பு ஒட்டியிருக்கும். அந்தக் கறுப்பை மட்டும் உளியால் சீவுவார். மறுபடி கரி, மறுபடி அழுத்தல், மறுபடி சீவல். நாளெல்லாம் இதுதான். கையெல்லாம் கரியோடுதான் சோறு தின்ன வருவார்.

அப்படி ஒரு நாள் வெலிமடை பஸ்ஸில் அந்தம்மா வந்து இறங்கினார். வெள்ளை ஜாக்கெட், ஊதாக்கரைச் சேலை. பன்றிக்குப் பயந்து துவக்கு செய்ய வருகிறவருக்கு எதற்கு இஸ்திரி போட்ட வெள்ளை ஜாக்கெட்? நான் என் வேலையைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். பட்டறைக்குள் மூடுங்க, தொறங்க எல்லாம் நடந்தது. பிறகு, "முழங்கைய இன்னுங் கொஞ்சம் தூக்குங்க. இல்ல, இப்புடி" என்று கேட்டது. அப்புறம் அந்தம்மாவின் சிரிப்பு.

அந்தம்மா வெளியே வந்தபோது பார்த்தேன். முழங்கைக்குச் சற்று மேலே, வெள்ளை ஜாக்கெட்டின் கையில், என் வீட்டுக்காரரின் கட்டைவிரல் அப்படியே பதிந்திருந்தது. ரேகைகூடத் தெரிந்தது.

"பரவால்லங்க, கழுவுனா போயிரும்" என்றார் அந்தம்மா என்னைப் பார்த்து.

"வெளக்குக் கரி லேசுல போகாதுங்க" என்று சொல்லிவிட்டு, சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டுவந்து நானே தேய்த்தேன். துணிக்குள் கை இருக்கிறது என்பதையே மறந்துவிட்டுத் தேய்த்திருக்கிறேன். அந்தம்மா மெல்லக் கையை இழுத்துக்கொண்டார். கறை போகவில்லை, பரவிவிட்டது.

அன்று சாயங்காலம் குசினியில் வைத்து என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "அந்தம்மா கைய நீங்க எதுக்குப் புடிக்கணும்? வாயால சொன்னா தூக்க மாட்டாங்களா?"

"வாயால சொன்னேன். சரியா வரல."

"சரியா வரலன்னா புடிச்சிருவீங்களோ?"

"நீ ஆம்பளைங்களுக்குச் சட்ட தைக்கிறப்ப தோளத் தொடாமத்தான் அளக்குறியா?" என்று கேட்டுவிட்டு ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுத் தின்றார். அவருக்குக் கோபமே வரவில்லை. கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சமாதானமாக இருந்திருக்கும். இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அதை அவர் கவனித்தாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

கட்டை முடிந்துவிட்டது. எண்ணெய் பூசித் தேய்த்து, இரும்பையும் பூட்டி, மேசைமேல் வைத்திருந்தார். மத்தியானம் பிளேன்டீ கொண்டுபோன நான் அதைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, சும்மா சொல்லக் கூடாது. சிவப்பு ஓடிய மரம், கன்னம் படுகிற இடத்தில் வழவழவென்று ஒரு இறக்கம். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாணைக்கல்லில் உளி தீட்டிக்கொண்டிருந்தார். துவக்கில் தோட்டா இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பிளேன்டீயை வைத்துவிட்டுத் துவக்கை எடுத்தேன். நினைத்ததைவிடக் கனம். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தேன். கண்ணைத் திறந்தால், முனையிலிருக்கிற குறி எங்கேயோ மேலே நின்றது. தோளிலும் சரியாக உட்காரவில்லை. அடுத்தவள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல எனக்கு அவமானமாகிவிட்டது.

"ஒனக்கு அது சரி வராது" என்றார், திரும்பாமலே. "அந்தம்மாவுக்குத் தோள் நேரா இருக்கு. ஒனக்குன்னா பின்பக்கத்த இன்னும் கீழ எறக்கிச் செதுக்கணும். ஒனக்கு வலது தோள் எறக்கம்தானே."

என் வலது தோள் இடதைவிட இறக்கம்தான், பிறவியிலேயே. சின்ன வயதில் தோட்டத்து லயத்தில் கூட வளர்ந்த பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லி என்னை அழவைத்திருக்கிறார்கள். தையல் படித்ததும் எனக்காக நான் செய்த முதல் காரியம், ஜாக்கெட்டின் வலது தோளுக்குள் துணியை மடித்து வைத்துத் தைத்ததுதான். வீட்டில் போடுகிற நைட்டிக்குக்கூட வைத்திருக்கிறேன். பஜாரில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? கல்யாணத்தன்னைக்கு மால அந்தப் பக்கமாவே வழுக்கிக்கிட்டு இருந்துச்சே. நாந்தானே தூக்கித் தூக்கி விட்டேன்."

தூக்கி விட்டார்தான். மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது போலிருக்கிறது என்று எங்கள் சித்தி கேலி செய்தாள், நானும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப ஏன் இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லல?"

கல்லில் தண்ணீர் தெளித்தார். "நீ மறைச்சு மறைச்சுத் தச்சுக்கிட்டு இருந்த. நான் என்னாத்தச் சொல்ல?"

அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. இதைத் தெரிந்துகொள்ள நான் எத்தனை நாள் வெந்திருக்கிறேன்! "டீ ஆறுது, குடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, துவக்கை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

சனிக்கிழமை அந்தம்மா வந்தார். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவர் பின்னாலேயே பட்டறைக்குள் போய் நின்றுகொண்டேன். கண்ணை மூடித் துவக்கைத் தூக்கினார், திறந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "குறி நேரா வந்து நிக்குது பாஸ்! எனக்குன்னே பொறந்த மாதிரி இருக்கு." முழங்கை மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் கையை நீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"நீங்க அங்கனயே நில்லுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அந்தம்மாவின் முழங்கையை நானே தூக்கி விட்டேன்.