மலையேறக் கூடாத கண்

வெயில் கொளுத்திய ஒரு ஞாயிறு, ஹற்றன் மைதானத்தில், என் இடது கண்ணின் ஓரத்தில் சாம்பல் நிறமாய் ஏதோ இறங்கியது. எங்கள் மலைப்பக்கத்தில் அப்படி இறங்குவதற்கு ஒரே பெயர்தான், பனிமூட்டம். நடுவரிடம் ஓடினேன். "மூட்டம் வந்துருச்சுங்க, ஆட்டத்த நிறுத்துங்க."

எங்கள் கோல் காப்பாளர் சவரிமுத்து, தபால் கந்தோரில் வேலை பார்ப்பவர், சிரிப்புத் தாங்காமல் மட்டையை ஊன்றிக்கொண்டார். "வெயில் மண்டையப் பொளக்குது சேர்! ஒங்களுக்கு மட்டும் தனியா மூட்டம் அனுப்பியிருக்காங்களா?"

நானும் சிரித்தேன். என் ஹொக்கி வாழ்வே அப்படித்தான். கொட்டகலையில் ஆசிரியன்; ஞாயிறுகளில் வலது ஓரம் ஓடுபவன். இத்தனை வருடத்தில் அடித்தது இரண்டு கோல். ஒன்று என் முதுகில் பட்டுப் போனது. மற்றது எங்கள் கோலுக்குள். ஆனாலும் ஓடினேன். அறையில் யாரும் காத்திராதவனுக்கு ஞாயிறு மிக நீளம்.

மூட்டம் என்றால் கலையும். இது கலையவில்லை. வாரம் முடிவதற்குள் பாதிப் பார்வையை மூடிவிட்டது. உங்களுக்கும் ஓரத்தில் நிழல் இறங்கினால் காத்திருக்காதீர்கள். அன்றே போங்கள்.

கொழும்பில் பெயர் சொன்னார்கள்: விழித்திரை விலகல் (கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் ஒளியுணரும் படலம் உரிந்து வருவது). படலத்தில் இருந்த கிழிசலை லேசர் கதிரால் ஒட்டி, கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை விட்டார்கள் (அது மேலெழும்பிப் படலத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும்). அதற்காக முகம் குப்புறக் கிடக்க வேண்டும்.

மருத்துவர் யாழ்ப்பாணத்துப் பெண். "குமிழி கரையுமட்டும் மலைப்பக்கம் போகாதேங்கோ. உயரம் ஏறினா வாயு விரியும். அமுக்கத்தில கண் போயிடும்."

"வீடே மலையிலதாங்க டொக்டர்."

"அப்ப வீட்டையும் போகேலாது."

கொழும்பிலேயே, வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறை. சிவப்புச் சீமெந்துத் தரை. சாப்பாடு கொண்டுவரும் பெண்ணை அவள் பாதங்களாக மட்டும் அறிந்தேன். கடல் பக்கத்தில்தான்; வெறும் சத்தமாக இருந்தது. வியர்வை மூக்கு நுனியில் திரண்டது, விழுந்தது, காய்ந்தது. வேறு கடிகாரம் தேவைப்படவில்லை.

ஒருநாள் சவரிமுத்து தொலைபேசியில் கத்தினார். "சேர், உடப்புசல்லாவக்காரங்கள ஜெயிச்சிட்டோம்!"

"ஜெயிச்சமா! என் எடத்துல யாரு?"

"யாரும் கெடைக்கல சேர். பத்துப் பேராத்தான் ஆடுனோம்."

சிரித்தேன். குப்புறக் கிடந்து சிரித்தால் கண்ணீர் கன்னத்தைத் தொடுவதில்லை. நேரே தரைக்குப் போய்விடுகிறது.

குமிழி சுருங்கியது. பார்வையின் அடியில் ஆடும் கறுப்பு வட்டமாகி, மிளகாகி, ஒரு காலை இல்லாமல் போனது. மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனி வீட்டை போகலாம். பந்துக்கு முன்னால மட்டும் நிக்காதேங்கோ."

"நான் எப்பவும் அதுக்குப் பின்னாலதாங்க ஓடியிருக்கேன்."

ரயில் நாவலப்பிட்டி தாண்டி ஏறத் தொடங்கியதும் பயம் பிடித்தது. ஒரு துளி வாயு மிச்சமிருந்தால்? ஒவ்வொரு நிலையத்திலும் வலது கண்ணைப் பொத்திப் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். வட்டவளை தெரிந்தது. றொசல்ல தெரிந்தது, எழுத்துகள் நனைந்த தாளில் எழுதியவை போல் நெளிந்து.

எதிரே இருந்த அம்மா கேட்டார். "என்னங்க, கண்ணுல தூசியா?"

"இல்லங்கம்மா. ஏறி வந்துட்டமான்னு பாக்குறேன்."

"ஏறுனா காதுதான அடைக்கும்?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் வெற்றிலை மடிக்கத் தொடங்கினார்.

பிறந்ததிலிருந்து உயரத்தில்தான் வாழ்ந்தேன். உயரம் என்று ஒன்று இருப்பதை உடம்பு அறிந்ததில்லை. இப்போது பாடசாலைப் படிகளில் ஏறினாலும் உச்சியில் ஒரு கணம் நிற்கிறேன், இடது கண்ணும் ஏறி வந்து சேரட்டும் என்று.